சூரியன்மேல் பழியைப் போடும் வீடியோ

“காலநிலை எந்தக் காலத்திலதான் மாறாமல் இருந்தது? இதுக்குள்ள மனிசனை ஏன் இழுக்கினம்?” இந்தக் கேள்வியோடு ஒரு வீடியோ எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குள் அடிக்கடி வந்து விழும். அனுப்புகிறவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பேசுவார், பின்னணி இசை மட்டும் ஒரே மாதிரித் திகிலாக இருக்கும், விஷயமும் ஒன்றுதான்: சூரியன் கூடிக் குறைகிறது, எரிமலை புகை கக்குகிறது, பனிக்காலம் வந்து போனது, அப்போதெல்லாம் காரும் இல்லை, பக்டரியும் இல்லை, ஆகவே இது விஞ்ஞானிகள் காசு பார்க்கிற வேலை. சலூனுக்குப் போனாலும் இதே கதை. நான் பௌதிகவியல் படிப்பிக்கிற ரியூசனில் உயர்தரப் பெடியள் கேட்பதும் இதே கேள்விதான். பெடியள் கேட்டால் எனக்குச் சந்தோசம், பதில் சொல்லி முடிக்கும்வரை இருப்பார்கள். பெரியப்பா அனுப்பிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார், அங்கே இரவு.

முதலில் பெரியப்பா பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதன் இல்லாமலே காலநிலை பயங்கரமாக மாறியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. சாட்சி தேடி அந்தாட்டிக்கா போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எவராவது கிணறு வெட்டினால் போய் நின்று பாருங்கள். செம்மண் முடிந்து கல் தட்டுப்பட்ட பிறகு, அலவாங்கு போட்டு உடைத்து மேலே எறிகிற துண்டுகளில் ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டுத் திருப்பினால் சிப்பியின் வரிவரியான அச்சு அப்படியே தெரியும், சிலதில் விரல் நகம் அளவு, சிலதில் உள்ளங்கை அளவு. இந்தச் சுண்ணாம்புக்கல் பல மில்லியன் வருடங்களுக்கு முந்திய மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. ஆக, நாங்கள் மரவள்ளி நட்டிருக்கிற இடம் ஒருகாலத்தில் கடல். நெடுந்தீவில் இன்னும் ஒரு படி மேலே போய் வேலியையே முருகைக்கல்லால் அடுக்கியிருக்கிறார்கள், கடலுக்குள் வாழ்ந்த பிராணியின் எலும்புக்கூட்டை வைத்து மாட்டை மறிக்கிறார்கள்.

மற்றப் பக்கமும் நடந்திருக்கிறது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன்னர், கடைசிப் பனிக்கட்டி யுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. எங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையில் கிடக்கிற பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், அந்தக் காலத்தில் அது வெறும் தரை. பருத்தித்துறையில் வெளிக்கிட்டு வேதாரணியத்துக்கு நடந்தே போயிருக்கலாம், விசாவும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தரையைக் கடல் மூடினதற்கும் மனிதனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, அப்படியென்றால் இப்போது நடப்பதும் இயற்கைதான் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் எனக்கும் அந்த வீடியோக்காரருக்கும் பிரச்சினை வருகிறது. “இயற்கை” என்று ஒரு ஆள் எங்கேயும் இருந்து சுவிச்சைப் போடுவதில்லை. முன்பு நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது வேலை செய்கிற வேகம் இருக்கிறது, அது விட்டுப்போகிற தடயமும் இருக்கிறது. இயற்கைதான் என்று சொல்கிறவர் எந்த இயற்கை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அளந்து பார்க்கலாம். அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

பனிக்கட்டி யுகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் பூமி சூரியனைச் சுற்றுகிற விதத்தில் வருகிற மெதுவான ஆட்டம். சேர்பியாவைச் சேர்ந்த மிலங்கோவிச் இதைக் கையால் கணக்குப் போட்டு வைத்தார். சுற்றுப்பாதையின் வடிவம் ஏறத்தாழ 1,00,000 வருடத்துக்கு ஒருமுறை மாறும், அச்சின் சாய்வு 41,000 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும், அச்சு தலையாட்டுகிற சுற்று 20,000 வருடம் சொச்சம். இதெல்லாம் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் தெரிகிற சங்கதி இல்லை. கடைசிப் பனிக்கட்டி யுகத்தில் இருந்து வெளியே வரும்போது பூமி சுமார் 5 பாகை செல்சியஸ் சூடானது, அதற்கு ஏறத்தாழ 10,000 வருடம் பிடித்தது. பிரித்துப் பாருங்கள், சராசரியாக நூறு வருடத்துக்கு 0.05 பாகை. கடந்த சில தசாப்தங்களில் பூமி பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 0.2 பாகை என்ற கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் போகட்டும், இந்தச் சுற்றுப்பாதைக் கணக்கின்படி கடந்த சில ஆயிரம் வருடங்களாக நாங்கள் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். எதிர்ப் பக்கம் போகிறோம்.

அடுத்தது சூரியன், வீடியோக்களின் கதாநாயகன். 1978 முதல் செய்மதிகள் சூரியனில் இருந்து வருகிற சக்தியை நேராக அளந்துகொண்டு வருகின்றன. 11 வருடச் சுற்றில் அது கூடிக் குறைகிறது, உண்மைதான், ஆனால் அந்தக் கூடல் குறைச்சல் நூற்றுக்கு 0.1 அளவுதான். இதை நான் பெடியளுக்குக் கணக்காகவே கொடுப்பேன். ஒரு பொருள் வீசுகிற சக்தியைச் சொல்கிற ஸ்டெபானின் விதியில் வெப்பநிலை நான்காம் வலுவில் வரும், ஆகவே சக்தி நூற்றுக்கு 0.1 கூடினால் வெப்பநிலை அதில் நாலில் ஒரு பங்குதான் கூடும். பூமியின் சராசரியை 288 கெல்வின் என்று வைத்தால் விடை 0.07 பாகை. அதுவும் ஐந்தாறு வருடத்தில் திரும்பக் கீழே வந்துவிடும். 1980 களில் இருந்து சூரியனின் சராசரி கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றே சொல்லலாம். அதே காலத்தில்தான் பூமி கூடிய வேகத்தில் சூடாகியிருக்கிறது.

சூரியனை விடுதலை செய்கிற இன்னொரு சாட்சி மேலே இருக்கிறது. எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும், நாங்கள் இருக்கிற மாறன்மண்டலமும் அதற்கு மேலே உள்ள படைமண்டலமும். காபனீரொட்சைட்டுதான் காரணம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். அது தரையில் இருந்து மேலே போகிற செந்நிறக்கீழ்க் கதிரை, அதாவது வெப்பக் கதிரை, கீழேயே பிடித்து வைக்கும், ஆனால் ஐதான மேல் வளியில் அதே வாயு வெப்பத்தை வெளியே வீசுகிற வேலையைச் செய்யும். ஆகவே கீழே சூடு, மேலே குளிர். 1967 இல் மனாபே, வெதரால்ட் என்கிற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் அந்தக் காலத்துக் கணினியில் போட்டுப் பார்த்துச் சொன்னது இதைத்தான், அப்போது செய்மதியால் அளந்த வெப்பநிலைத் தொடரே கிடையாது. பிறகு அளந்தார்கள். கீழே சூடாகியிருக்கிறது, மேலே குளிர்ந்திருக்கிறது. படைமண்டலத்தின் அடிப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் மேலே போகப் போகக் காபனீரொட்சைட்டின் வேலைதான் பெரிது. மனாபேக்கு 2021 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரவைப் பற்றியும் ஒரு சொல். சூரியன்தான் குற்றவாளி என்றால் பகல்தான் கூடச் சூடாக வேண்டும். உலகச் சராசரியில் இரவுகள் பகலைவிடக் கூடுதலாகச் சூடாகியிருக்கின்றன. சித்திரையில் விடிய மூன்று மணிக்கும் புழுக்கத்தில் எழும்பி முத்தத்தில் பாயைப் போடுகிற எங்கள் ஆட்களுக்கு இதை வரைபடம் போட்டுக் காட்டத் தேவையில்லை, ஆனாலும் ஒருவருடைய வியர்வை விஞ்ஞானச் சான்று ஆகாது. கொங்கிறீட் வீடும் அஸ்பெஸ்டஸ் கூரையும் அந்தப் புழுக்கத்தில் எவ்வளவு பங்கு எடுக்கின்றன என்பது வேறு கதை.

எரிமலையை விரைவாக முடித்துவிடலாம். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடுகிற காபனீரொட்சைட்டு, நாங்கள் எரித்து விடுவதில் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. நாங்கள் விடுவது வருடத்துக்கு 3,700 கோடி தொன் அளவு. பெரிய எரிமலை வெடித்தால் பூமி குளிரும், சூடாகாது. 1991 இல் பிலிப்பைன்சில் பினட்டுபோ வெடித்தபோது மேலே போன கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து உலகச் சராசரியை ஏறத்தாழ அரைப் பாகை இறக்கின, ஓரிரு வருடம் போகத் திரும்ப ஏறிவிட்டது.

எல் நினோ, இந்து சமுத்திர இருமுனை ஆட்டம் என்று சில வருடத்துக்கு ஒருமுறை கடலின் சூடு இடம் மாறுகிற ஆட்டங்களை மட்டும் நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் எங்கள் ஐப்பசி கார்த்திகை மழையை அவைதான் பெரும்பாலும் ஆட்டிப்படைக்கின்றன. எல் நினோ வருடங்களில் இந்தப் பக்கம் அந்த மழை கூடுகிற போக்கு உண்டு. ஒரு வருடம் வயல் வெள்ளத்தில் அழுகுவதும் மறு வருடம் காலபோக நெல் கதிர் வைக்கும் நேரம் காய்வதும் முந்தியும் நடந்ததுதான். வீடியோக்காரர் இதைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் கடலாட்டம் வெப்பத்தை இங்கிருந்து அங்கே நகர்த்துமே தவிரப் புதிதாக உண்டாக்காது. காற்று சூடாவது கடல் கொடுக்கிற வெப்பத்தால் என்றால், கடல் குளிர்ந்திருக்க வேண்டும். கடலோ காற்றைவிடக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறது, மேலதிகமாகச் சேர்ந்த வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்கு கடலுக்குள்தான் போயிருக்கிறது. அதிலும் இந்து சமுத்திரம் மற்ற வெப்பவலயக் கடல்களைவிட வேகமாகச் சூடாகிறது.

இனிக் காபன். காற்றில் காபனீரொட்சைட்டு தொழிற்புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. 1958 இல் கீலிங் என்கிற விஞ்ஞானி ஹவாயில் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 அளவு. இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காப் பனிக்கட்டிக்குள் அடைபட்டிருக்கிற பழைய காற்றுக் குமிழிகளை எடுத்துப் பார்த்தால் கடந்த 8,00,000 வருடத்தில் அது 300 ஐத் தாண்டினதே இல்லை. “கூடினது சரி, நாங்கள்தான் கூட்டினோம் என்று என்ன அத்தாட்சி?” இது ரியூசனில் பின் வாங்கில் இருந்து வந்த கேள்வி, நல்ல கேள்வி.

அத்தாட்சி அந்தக் காபனுக்குள்ளேயே இருக்கிறது. காபனுக்குச் சமதானிகள் உண்டு, அதாவது நிறை மட்டும் வேறான காபன் அணுக்கள். காபன் 14 கதிர்த்தொழிற்பாடு உள்ளது, 5,730 வருடத்தில் பாதியாகும். உயிருள்ள மரத்தில் அது இருக்கும், கோடிக்கணக்கான வருடம் நிலத்துக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் ஒரு சொட்டும் மிஞ்சியிராது. காபன் 13 வேறு விதம்: தாவரங்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்கி, இலேசான காபன் 12 ஐத்தான் விரும்பி எடுக்கும், ஆகவே தாவரத்தில் இருந்து வந்த எந்தக் காபனிலும் 13 குறைவாக இருக்கும். காற்றை அளந்தால் இரண்டும் குறைந்துகொண்டு வருகின்றன. (1950, 60 களின் அணுகுண்டுச் சோதனைகள் காபன் 14 ஐக் கொஞ்சக் காலம் எகிறவைத்தன, அது தனிக் கூத்து. 1950 களின் நடுவிலேயே, அந்த எகிறலுக்கு முந்திய மர வளையங்களில், சூஸ் என்கிற விஞ்ஞானி இந்தக் குறைவைக் கண்டுபிடித்துவிட்டார்.) காபன் 14 குறைகிறதென்றால் புதிதாகச் சேர்கிற காபன் மிகப் பழையது. காபன் 13 குறைகிறதென்றால் அது தாவரத்தில் இருந்து வந்தது, எரிமலையிலோ கடலிலோ இருந்து வரவில்லை. மிகப் பழைய தாவரம் என்றால் என்ன? நிலக்கரி, பெற்றோல், டீசல். கூடவே காற்றில் ஒட்சிசனும் மிகச் சிறிய அளவில் குறைந்துகொண்டு வருகிறது, எதையோ எரிக்கிறோம் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

எங்கள் ஊர்க் கல்லுக்கும் இதில் ஒரு சின்னப் பாத்திரம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டால் அதன் நிறையில் நூற்றுக்கு 44 பங்கு காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும், மிச்சம்தான் சுண்ணாம்பு. உயர்தர இரசாயனவியலில் இந்தச் சமன்பாடு எழுதாத பிள்ளை இல்லை. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை ஓடின காலத்தில் மயோசீன் கடல் பூட்டி வைத்த காபனைத்தான் அந்தப் புகைபோக்கி திறந்துவிட்டுக்கொண்டு இருந்தது, எரிபொருள் விட்டது அதற்கு மேலதிகம். ஆலை நின்றுவிட்டது, இப்போது உலகம் முழுவதும் சீமெந்து அதைவிடப் பல மடங்கு சுடப்படுகிறது. எரிபொருளோடு பார்க்க இது சிறிய பங்குதான்.

கொஞ்சம் விபரம் தெரிந்த ஆட்கள் வேறொரு அம்பை எடுப்பார்கள். “பனிக்கட்டி யுகம் முடிஞ்சபோது முதலில வெப்பம்தான் கூடினது, காபனீரொட்சைட்டு பிறகுதான் கூடினது, பனிக்கட்டியிலேயே பதிஞ்சிருக்கு.” உண்மை. அந்தாட்டிக்காவில் வெப்பம் முந்தியும் வாயு சில நூறு வருடம் பிந்தியும் போனதற்குப் பதிவு உண்டு. அங்கே முதலைப் போட்டது சுற்றுப்பாதை, காபனீரொட்சைட்டு வட்டியாக ஏறியது. சூடான கடல் வாயுவை வெளியே விட, அந்த வாயு இன்னும் சூட்டைக் கூட்ட, அது இன்னும் வாயுவை விட, இதுவும் சேர்ந்துதான் 5 பாகை வந்தது. இன்றைக்கும் கடல்தான் விடுகிறது என்றால் கடலில் காபன் குறைய வேண்டும். நாங்கள் விடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது, அதனால் அமிலத்தன்மையும் கூடிக்கொண்டு போகிறது. வாங்குகிறவன்மேல் கொடுத்தான் என்று வழக்குப் போட முடியாது.

விஞ்ஞானிகளில் நூற்றுக்கு 97 பேர் ஒத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி வாதாடுவது எனக்குப் பிடிக்காது. அது வாக்கெடுப்பு மாதிரித் தெரியும், வாக்கெடுப்பு என்றாலே எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம், அதற்குக் காரணமும் உண்டு. அதைவிட றிச்சர்ட் முல்லரின் கதையைச் சொல்வேன். அமெரிக்கப் பௌதிகவியல் பேராசிரியர், வெப்பநிலைப் பதிவுகளில் பிழை இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர். தானே ஒரு குழுவைச் சேர்த்துப் பதிவுகள் எல்லாவற்றையும் முதலில் இருந்து திரும்பக் கணக்குப் பார்த்தார். அதற்கு வந்த பணத்தில் ஒரு பகுதி எண்ணெய்த் தொழிலில் கொழுத்த கோக் சகோதரர்களின் அறக்கட்டளையில் இருந்து வந்தது. 2012 இல் அவர் எழுதியது: பூமி சூடாவது உண்மை, அதற்குக் காரணம் கிட்டத்தட்ட முழுவதும் மனிதன்தான். காசுக்காகச் சொல்கிறார்கள் என்றால் அந்தக் காசு வேறு பதிலுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? எக்சன் எண்ணெய்க் கம்பனியின் சொந்த விஞ்ஞானிகள் 1970 களின் கடைசியிலும் 80 களிலும் போட்டு வைத்த வெப்பநிலைக் கணிப்புகளை 2023 இல் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அவையும் பெரும்பாலும் சரியாக வந்திருந்தன. காபனீரொட்சைட்டும் நீராவியும் வெப்பக் கதிரை உறிஞ்சும் என்று ரிண்டால் என்கிற விஞ்ஞானி ஆய்வுகூடத்தில் காட்டத் தொடங்கியது 1859 இல், காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடனில் அரேனியஸ் என்கிற விஞ்ஞானி பேப்பரில் கணக்குப் போட்டது 1896 இல். அந்தக் காலத்தில் காலநிலைக்கு யார் நிதி கொடுத்தார்கள்?

2021 இல் வந்த ஐபிசிசி (ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றக் குழு) அறிக்கை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு கணக்குச் சொல்லுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியோடு பார்க்க, 2010 முதல் 2019 வரை, மனிதனால் கூடினது ஏறத்தாழ 1.07 பாகை, சூரியனும் எரிமலையும் சேர்ந்து கொடுத்தது மைனஸ் 0.1 க்கும் பிளஸ் 0.1 க்கும் இடையில். அதற்காக விவாதமே முடிந்துவிட்டது என்று இல்லை. காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் 2.5 பாகையா 4 பாகையா, முகில்கள் என்ன செய்யும், எந்த ஊருக்கு மழை கூடும், எந்த ஊருக்குக் குறையும், இதிலெல்லாம் இன்னும் நல்லாகச் சண்டை பிடிக்கிறார்கள். யார் செய்தது என்பதில்தான் சண்டை இல்லை.

யார் என்று சொல்லும்போது “மனிதன்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்கு உறுத்தும். 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியே விட்ட காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 42 பங்கு 1990 க்குப் பிறகு விட்டது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று வயது போன ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லை, பெற்றோல் தடை, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்ன விலைக்குப் போனது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, மேலே திரியைக் கொழுவி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு ஆள் பெடல் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடினது. உலகம் தன் எரிப்பை முழு வேகத்துக்கு முடுக்கின அதே வருடங்கள் அவை. இன்றைக்கும் இலங்கையில் ஆள் ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டு, கனடாவில் 14 தொன் அளவு. பெரியப்பாவைக் குற்றம் சொல்லவில்லை, அந்தக் குளிரில் ஹீற்றர் இல்லாமல் ஒரு இரவும் கழிக்க முடியாது, அந்தச் சம்பளத்தில்தான் இங்கே பலருடைய வீடு எழும்பியது. ஆனால் இயற்கைதான் காரணம் என்கிற வீடியோ 14 தொன் பக்கத்தில் இருந்து ஒரு தொன் பக்கத்துக்கு வருவதில் ஒரு வசதி இருக்கிறது, அதை அவர் கவனிக்கவில்லை.

இதுவரை வாசித்தவர்கள் நான் எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றத்தைச் சாட்டுகிற கட்சி என்று நினைத்தால், இல்லை. இந்தப் பக்கம் வேறொரு வியாதி தொடங்கியிருக்கிறது. கிணறு உவர்த்தால் காலநிலை மாற்றம், றோட்டில் வெள்ளம் நின்றால் காலநிலை மாற்றம், கூட்டத்தில் பேசுகிற அதிகாரி முதல் தேத்தண்ணிக்கடை வரை எல்லோருக்கும் இந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. அங்கே சூரியன்மேல் பழி, இங்கே காலநிலைமேல் பழி.

புத்தூர்ப் பக்கம் வெங்காயம் செய்கிற ஒரு மாமா இருக்கிறார். அவருடைய கிணற்றுத் தண்ணீர் ஆடி ஆவணியில் உவர்க்கிறது. வாய்க்காலின் ஓரம் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது, வெங்காயத் தாளின் நுனிகள் சாம்பல் நிறத்தில் சுருண்டிருந்தன. “கடல் ஏறுதாம் தம்பி, அதுதான் உப்பு வருது” என்றார். கடல் ஏறுகிறதுதான். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியில் 20 சென்ரிமீற்றர். ஆனால் குடாநாட்டுக்கு அடியில் இருக்கிற நன்னீர், கடலில் இருந்து கசிந்து வந்த உவர் நீருக்கு மேலே மிதக்கிறது. பக்கத்தில் நிலாவரைக் கிணற்றிலேயே மேலே நன்னீர், ஆழத்தில் உவர். இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடியை இறைத்து எடுத்து, அது ஊறித் திரும்ப வராவிட்டால், கீழே உவர் நாற்பது அடி எழும்பப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் கால் வலித்ததும் கிணறு தப்பியது. மிசினுக்குக் கால் வலிக்காது. இதோடு, மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிற வடமராட்சி கிழக்கு மணல் மேடுகளை இரவிரவாக டிப்பரில் ஏற்றுவதையும், ஊருக்குள் குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவதையும் சேருங்கள். இந்தக் கிணற்றின் உப்பில் கடல் ஏறினதன் பங்கு சிறிது, இறைப்பின் பங்கு பெரிது. இரண்டும் மனிதனின் வேலைதான், ஒன்று தூரத்து மனிதன், மற்றது பக்கத்து மனிதன்.

வெள்ளமும் அப்படித்தான். 2008 இல் நிஷா, 2024 இல் ஃபெங்கல், 2025 இல் மலைநாட்டையே சரித்துவிட்ட டித்வா என்று புயல்கள் வந்துகொண்டிருக்கின்றன. காற்று ஒரு பாகை சூடானால் நூற்றுக்கு 7 பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும்போது கூடக் கொட்டும், இது நல்லாக நிறுவப்பட்ட பௌதிகம். ஆனால் கொட்டின தண்ணீர் முழங்காலளவு நாலு நாள் நிற்பதற்கு நீராவி பொறுப்பில்லை. வெள்ள வாய்க்காலை மறித்து மதில் கட்டினவரும், அதற்கு அனுமதி கொடுத்தவரும் பொறுப்பு. மதில் கட்டினவர்தான் வெள்ளம் வந்ததும் காலநிலை மாற்றத்தைப் பற்றி முகநூலில் முதலில் எழுதுகிறார்.

மாமாவுக்கு அந்த நாற்பது அடிக் கணக்கை நிலத்தில் தடியால் கீறிக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார், மறுக்கவில்லை.

“சரி தம்பி, நான் இறைப்பைக் குறைச்சா, இந்த வேலிக்கு அங்கால நிக்கிற மிசின்காரனும் குறைப்பானோ?”

“கேட்டுப் பாத்தனீங்களோ மாமா?”

“கேட்டனான். அவன் சொல்லுறான், முதலில நீ நிப்பாட்டு, நான் பிறகு பாக்கிறன் எண்டு.”

அடுத்த மாதம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் முறை வைத்து இறைக்கிறதைப் பற்றிக் கதைக்கப்போகிறாராம். கீறிக் காட்டினதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.